நாம் உண்ணும் சோறு உடம்பில் போகும் வழி
(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான சுகாதார உரை)



காணி துப்புரவாக்க வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், மழைக்கு முன்னர் கொட்டிலுக்குக் கூரை போட வேண்டும். இத்தனை வேலைகளுக்கு நடுவே சோற்றையும் சீனியையும் பற்றிப் பேச வந்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஊர் திரும்பிய முதல் மாதங்களில் நம் கைக்கு வருவது பெரும்பாலும் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். தோட்டத்துக் கீரையும் மரக்கறியும் வரச் சில காலம் செல்லும். அதே மாதங்களில்தான் உடம்பை முறித்து வேலை செய்கிறோம். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் கிளினிக் விட்டுப்போனவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்த மூன்றும் ஒன்றுசேரும் வீட்டில், சலரோகம் என்று நாம் சொல்லும் நீரிழிவு நோய் உள்ளவருக்கு ஆபத்து வரலாம். அந்த ஆபத்தைத் தடுக்க, உண்ட சோறு உடம்புக்குள் என்னவாகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

சோறு சீனியாகும் விதம்

சோறு, பிட்டு, இடியப்பம், பாண், மரவள்ளிக்கிழங்கு, ஒடியற்கூழ், குரக்கன் ரொட்டி ஆகிய எல்லாவற்றிலும் அதிகமாக இருப்பது மாப்பொருள். பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இந்த வகைச் சத்தைக் காபோவைதரேற்று என்பார்கள். மாப்பொருள் என்பது குளுக்கோசு என்னும் சிறிய சீனி மணிகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கோக்கப்பட்ட நீண்ட மாலை. ஒரு வாய் வெறும் சோற்றை விழுங்காமல் நன்றாக மென்றுகொண்டே இருந்து பாருங்கள். சற்று நேரத்தில் இலேசாக இனிக்கும். உமிழ்நீர் அந்த மாலையை அறுக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். மீதி வேலை சிறுகுடலில் நடக்கிறது. அங்கே மாலை முழுவதும் அறுந்து, தனித்தனிக் குளுக்கோசு குடற்சுவர் வழியாக இரத்தத்தில் கலக்கிறது.

ஆகவே, தேநீரில் சீனியை விட்டுவிட்டு மூன்று கோப்பைச் சோறு சாப்பிட்டால் சீனியைத் தவிர்த்தவர் ஆகமாட்டோம். வேறுபாடு வேகத்தில்தான். தேநீரில் கரைந்த சீனி விரைவாக இரத்தத்தில் ஏறும். தவிடு போகாத குத்தரிசி, குரக்கன், பயறு, கௌப்பி, கடலை போன்றவை மெதுவாக ஏறும். சோற்றுடன் பருப்பும் கீரையும் சேர்ந்தாலும் அந்த வேகம் குறையும்.

இரத்தத்தில் ஒரு தேக்கரண்டி

வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தம் ஓடுகிறது. சுகமான ஒருவர் வெறுவயிற்றில் இருக்கும்போது, அவ்வளவு இரத்தத்திலும் இருக்கும் குளுக்கோசைச் சேர்த்தெடுத்தால் 4 அல்லது 5 கிராம்தான் வரும். அதாவது ஒரு தேக்கரண்டி. ஒரு கோப்பைச் சோற்றில் அதைப்போல் எட்டு ஒன்பது மடங்கு மாப்பொருள் இருக்கிறது. அப்படியானால் சாப்பிட்டதும் வரும் சீனியெல்லாம் எங்கே போகிறது?

வன்னியில் நாம் நெல்லைச் சேமித்த முறையை நினைத்துப் பாருங்கள். நாளாந்தச் சமையலுக்கு அடுப்படியில் ஒரு அரிசிப் பானை. வயலுக்குப் போகிறவரின் கையில் அவருடைய சாப்பாட்டுப் பொதி. வருசத்துக்குத் தேவையான நெல் கொம்பறையில். உடம்பும் இப்படி மூன்று இடங்களில் சேமிக்கிறது.

அடுப்படிப் பானைதான் ஈரல். வரும் குளுக்கோசை ஈரல் மறுபடியும் மாலையாகக் கோத்து, கிளைக்கோசன் என்ற பெயரில் ஏறக்குறைய 100 கிராம் வரை வைத்திருக்கும். நாம் தூங்கும்போதும், ஒரு நேரச் சாப்பாடு தவறும்போதும், அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கும். மூளைக்கு மட்டும் நாளொன்றுக்கு 120 கிராம் அளவில் குளுக்கோசு வேண்டும் என்பதால் இந்தப் பானை எப்போதும் வேலையில் இருக்கிறது. ஒரு நாள் முழுவதும் பட்டினி கிடந்தால் அது ஏறக்குறைய வெறுமையாகிவிடும்.

சாப்பாட்டுப் பொதி என்பது தசை. தசைகளிலும் கிளைக்கோசன் உண்டு, ஈரலில் இருப்பதைவிடப் பல மடங்கு. ஆனால் அந்தந்தத் தசை தன் வேலைக்கு மட்டும் அதைப் பயன்படுத்தும். இரத்தத்துக்குத் திருப்பிக் கொடுக்காது.

கொம்பறை என்பது கொழுப்பு. பானையும் பொதியும் நிறைந்த பின்னரும் தேவைக்கு மிஞ்சிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மீதி கொழுப்பாகச் சேரும். பஞ்ச காலத்தில் உடம்பு அந்தக் கொழுப்பை எரித்து வாழும். ஆனால் கொழுப்பிலிருந்து மூளைக்கு வேண்டிய குளுக்கோசைப் போதிய அளவு செய்ய முடியாது. அதனால் நீண்ட பட்டினியில் உடம்பு தன் தசையையே கரைத்துக் குளுக்கோசு செய்கிறது. கையும் காலும் மெலிந்து போனவர்களை நாம் கண்டிருக்கிறோம். அதற்கு ஒரு காரணம் இதுதான்.

பூட்டும் திறப்பும்

இந்தச் சேமிப்பை நடத்துவது வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் சதையி என்ற சிறிய உறுப்பு. இரத்தத்தில் சீனி கூடினால் சதையி இன்சுலினைச் சுரக்கும். இன்சுலின் ஒரு திறப்பு மாதிரி. தசையின் கதவைத் திறந்து சீனியை உள்ளே விடும். ஈரலுக்கு ‘சேமித்து வை’ என்று சொல்லும். சீனி குறைந்தால் சதையி குளுக்ககன் என்ற வேறொன்றைச் சுரக்கும். அது ஈரலிடம் ‘பானையைத் திற’ என்று சொல்லும். இந்த இரண்டும் சரியாக நடந்தால், வெறுவயிற்றில் இரத்தச் சீனி 70 முதல் 100 வரை நிற்கும். கிளினிக் கொப்பியில் எழுதும் இலக்கம் இதுதான்.

திறப்பு போதாமல் போனாலோ, திறப்பு இருந்தும் பூட்டு இறுகிப்போனாலோ சீனி இரத்தத்திலேயே தேங்கும். அதுதான் சலரோகம். வெறுவயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் வைத்தியர் இதை ஐயப்படுவார். கூடிய சீனி சிறுநீரோடு வெளியேறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அடிக்கடி சிறுநீர், தீராத தாகம், சாப்பிட்டும் மெலிவு ஆகியவை அதனால் வருகின்றன. 1921ஆம் ஆண்டு கனடாவின் ரொறன்ரோ நகரில் இன்சுலின் கண்டுபிடிக்கப்படும்வரை, இன்சுலின் சுரக்காத பிள்ளைகளைக் காப்பாற்ற வழி இருக்கவில்லை. இன்று வழி இருக்கிறது. ஆனால் மருந்து நாள் தவறாமல் கிடைக்க வேண்டும்.

மருந்து எடுப்பவர் வேலைக்குப் போகும்போது

இப்போது முக்கியமான விசயத்துக்கு வருகிறேன். வேலை செய்யும் தசை இன்சுலின் குறைவாக இருந்தாலும் இரத்தத்திலிருந்து சீனியை இழுத்துக்கொள்ளும். அதனால் நடப்பதும் வேலை செய்வதும் சலரோகக்காரருக்கு நல்லது. ஆனால் சதையியைத் தூண்டும் குளிசைகளை எடுப்பவரும் இன்சுலின் ஊசி போடுபவரும், மருந்தை எடுத்துவிட்டு வெறும் தேநீரோடு பற்றை வெட்டப் போனால் நிலைமை வேறு. மருந்தும் சீனியை இறக்குகிறது, வேலையும் இறக்குகிறது, உணவும் வரவில்லை. சீனி 70க்குக் கீழே போய்விடும்.

அப்போது கை நடுங்கும், குளிர்ந்து வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பசி எடுக்கும். பிறகு பேச்சுக் குழறும், தடுமாறுவார், கோபப்படுவார், மயங்கி விழுவார். வெயில் மயக்கம் என்றோ, குடித்திருக்கிறார் என்றோ நினைத்து விட்டுவிடாதீர்கள். மூளைக்குச் சீனி போகவில்லை என்பதே பொருள்.

உடனே செய்ய வேண்டியவை இவை. அவருக்கு நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் பாருங்கள். தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்ததும் சோறோ பாணோ பிஸ்கற்றோ சாப்பிடக் கொடுங்கள். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, கிடைக்கும் வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். மருந்து எடுப்பவர் காணிக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு சிறு பொதிச் சீனி இருக்கட்டும். அவருடன் வேலை செய்பவருக்கும் இந்த விசயம் தெரிந்திருக்கட்டும்.

இந்தப் பயத்தால் மருந்தை நிறுத்திவிடவும் கூடாது. காய்ச்சலோ வாந்தியோ வந்து சாப்பிட முடியாமல் போனாலும் இன்சுலினைத் தாமாக நிறுத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இன்சுலின் இல்லாத உடம்பு கொழுப்பை அளவுமீறி எரிக்கும். அதனால் இரத்தத்தில் அமிலம் கூடும். தாகம், வாந்தி, வயிற்று நோவு, ஆழ்ந்த மூச்சு, பழவாசம் போன்ற மூச்சு மணம் ஆகியவை அதன் குறிகள். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மெலிந்து, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு, இரவில் படுக்கையை நனைக்கத் தொடங்கினாலும் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலின் போத்தலைப் பொலித்தீனில் நன்றாகச் சுற்றி, சிறு மண்முட்டிக்குள் வையுங்கள். அந்த முட்டியை ஈர மணல் நிரப்பிய பெரிய முட்டிக்குள், நிழலில் வையுங்கள். மணல் காயவிடாதீர்கள். இன்சுலின் வெயிலில் இருக்கக்கூடாது, ஐஸ்கட்டியோடு ஒட்டி உறையவும் கூடாது. எத்தனை நாட்களுக்குள் பாவித்து முடிக்க வேண்டும் என்பதைக் கிளினிக்கில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பானையில் உள்ளதைப் பகிரும் முறை

நிவாரண அரிசியும் மாவும் குறைவில்லாமல் இருக்கும் வீட்டிலும் உணவைப் பிரித்துச் சாப்பிடுவது நல்லது. சலரோகக்காரர் ஒரே நேரத்தில் கோப்பை நிறையச் சாப்பிடாமல், மூன்று வேளைக்கும் அளவாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும். கோப்பையில் பாதிக்குக் கீரையோ மரக்கறியோ வந்தால் மிக நல்லது. வேலியில் நிற்கும் முருங்கையிலை, வாய்க்கால் ஓரத்து வல்லாரை, பொன்னாங்காணி ஆகியவற்றுக்குக் காசு வேண்டாம். பருப்பை விற்றுச் சீனி வாங்காதீர்கள்.

பிள்ளைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் சோற்றைக் குறைக்க வேண்டாம். மருத்துவமாது தரும் திரிபோஷாவை அது யாருக்காகத் தரப்பட்டதோ அவருக்கே கொடுங்கள். கர்ப்பிணித் தாய்மார் இரத்தச் சீனியைப் பரிசோதித்துக்கொள்வதும் அவசியம்.

நீண்ட நாள் அரைவயிற்றோடு இருந்து மிகவும் மெலிந்துபோனவருக்கு, அன்பின் மிகுதியால் முதல் நாளே வயிறு முட்டக் கொடுக்காதீர்கள். பட்டினியில் கிடந்த உடம்புக்குள் சீனி பெருமளவில் புகுந்தால், இரத்தத்திலுள்ள உப்புகள் திடீரெனக் குறைந்து இருதயத்தைத் தாக்கும். சிறிது சிறிதாக, பல தடவை கொடுங்கள். கால் வீங்கிய பிள்ளையையும் எலும்பு தெரிய மெலிந்த பிள்ளையையும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

கிளினிக் கொப்பி தொலைந்தவர்களுக்கு

கொப்பி இல்லையே என்று கூச்சப்பட்டு வீட்டில் இருக்க வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். புதிய கொப்பி போட்டுத் தருவார்கள். மிஞ்சிய குளிசை, வெறும் மருந்து உறை, பழைய துண்டு எதுவானாலும் எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் எடுத்த மருந்தை வைத்தியர் கண்டறிய அது உதவும். அடுத்த வீட்டுக்காரரின் குளிசையைக் கடன் வாங்கி விழுங்காதீர்கள். அவருக்குச் சரியான அளவு உங்களை மயக்கத்தில் தள்ளலாம்.

வெறுங்காலோடு வேலை செய்யும் சலரோகக்காரர் ஒவ்வொரு மாலையும் பாதத்தைக் கழுவித் துடைத்து, அடிப்பாதம்வரை பார்க்க வேண்டும். நாட்பட்ட சலரோகத்தில் பாதம் விறைத்துப்போவதால் முள் குத்தியதே தெரியாது. கண் தெரியாத முதியவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லலாம். புண் இருந்தால் ஆறும்வரை காத்திருக்காமல் காட்டுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் யார் சலரோகக்காரர், என்ன மருந்து, அடுத்த கிளினிக் எந்தக் கிழமை என்பதை ஒரு தாளில் எழுதி, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள். தனியாக வாழும் அயலவர் இருந்தால் அவருடைய பெயரையும் அதில் சேருங்கள். கேள்விகள் இருந்தால் உங்கள் பகுதி மருத்துவமாதுவிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ தயங்காமல் கேளுங்கள்.