கிரகணமா, சத்துக் குறைவா?



முதுகெலும்பு மூடாத குழந்தை பிறந்துவிட்டால் நம் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? கர்ப்பிணி கிரகணத்தைப் பார்த்துவிட்டாள் என்கிறார்கள். பூர்வ ஜென்ம பாவம் என்கிறார்கள். பரிகாரம் என்று பணமும் பிடுங்குகிறார்கள். வைத்திய ஆராய்ச்சி சொல்லுவதோ வேறு.

கரு உண்டான சுமார் 28 நாட்களுக்குள், மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழல் மூடிக்கொள்ள வேண்டும். மூடாமற்போனால் பிறகு எந்த விரதத்தாலும் மூடாது. அது சரியாக மூடுவதற்குப் போலிக் அமிலம் என்னும் வைட்டமின் அவசியம்.

இதன் ஆரம்பம் நம் தேசத்திலேயே இருக்கிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கில மாது பம்பாயில் பஞ்சாலைக் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சாற்றால் அது தீருவதை 1931-இல் வெளியிட்டார். அந்த ஆராய்ச்சியின் வழியில்தான் போலிக் அமிலம் அறியப்பட்டது. 1991-இல் வெளியான சோதனையில், முன்பு இத்தகைய ஊனத்தோடு கர்ப்பம் கண்ட 7 தேசத்துப் பெண்களில் ஒரு பகுதியாருக்குத் தினம் 4 மில்லிகிராம் கொடுத்தார்கள். அவர்களிடம் அவ்வூனம் மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது. மாத்திரை யாருடைய ஜாதகத்தையும் கேட்கவில்லை!

ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? நாள் தள்ளி, ஊரறிந்து, ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் இரண்டு மாதமாகிவிடுகிறது. அப்போது தருகிற மாத்திரை ரத்தத்துக்கு நல்லதுதான். குழலுக்கோ காலம் கடந்துவிட்டது. ஆகவே கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கி, கர்ப்பத்தின் 12 வாரம் வரை தினம் 400 மைக்ரோகிராம் சாப்பிட வேண்டும். முன்பு அப்படிக் குழந்தை பெற்றவர்களும், வலிப்புக்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்டு அளவு தெரிந்துகொள்ள வேண்டும். கீரையும் பருப்பும் நல்லவையே. ஆனால் வேகும்போது இச்சத்தில் பெரும்பகுதி போய்விடும்.

இதனால் எல்லா ஊனமும் நீங்குமென்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் தாயத்து விற்கிறவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? மாத்திரை சாப்பிட்டும் ஊனம் நேர்ந்தால் அது அந்தத் தாயின் குற்றமுமல்ல, அந்தக் குழந்தையின் பாவமுமல்ல.

ஆண்களே! முகூர்த்தத்துக்குப் பஞ்சாங்கம் பார்க்க ஓடுகிறீர்கள். கல்யாணமான பெண்ணுக்கு இம்மாத்திரையை வாங்கிக் கொடுக்கவும் கொஞ்சம் ஓடுங்கள். செலவு அற்பம், பலனோ ஒரு மனித ஜீவன்.