ஆடுகிற கட்டிடத்தை அடக்குவது எப்படி?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் இளம்பிள்ளைக்காரன். தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகியவன். சத்தம் நின்றால்தான் எங்களுக்கு முழிப்பு வரும்! விசைத்தறி ஓடும் வீட்டில் அலமாரி டம்ளர் கிடுகிடுக்கும். தறியின் வேகம் கொஞ்சம் மாறினால் அது அடங்கிவிடும், பக்கத்து டம்ளர் ஆட ஆரம்பிக்கும். ஏன் என்பது சிவில் படிக்க வந்த பிறகுதான் புரிந்தது.

எந்தப் பொருளுக்கும் தனக்கென்று ஒரு ஆட்டம் உண்டு. தூளி ஆட்டும் தாய் பலமாகத் தள்ளுவதில்லை. தூளி திரும்புகிற நேரம் பார்த்து லேசாகத் தட்டுகிறாள், அவ்வளவுதான். கட்டிடமும் ஒரு தூளிதாங்க. ஒரு முறை ஆடித் திரும்ப, தோராயமாக மாடிக்கு 0.1 நொடி. 10 மாடி என்றால் 1 நொடி. நிலமோ காற்றோ அதே தாளத்தில் தள்ளினால் ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். இதுதான் ஒத்ததிர்வு.

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் பூஜ் பகுதியில் பூகம்பம். 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் பல சரிந்தன. கார் நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் வெறும் தூண்களில் நிறுத்தியிருந்தார்கள். மேலே சுவர்களின் விறைப்பு, கீழே ஒல்லிக் கால்கள். ஆட்டம் முழுவதையும் அந்தத் தூண்களே வாங்கி முறிந்தன.

பேப்பரில் அந்தப் படங்களைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமில்லை. அதே மாதிரி ஒரு வீட்டை 1996-ல் என் மாமாவுக்கு நானே வரைந்து கொடுத்திருந்தேன். போய்ச் சொன்னேன். "நம்ம பக்கம் பூகம்பம் எங்க வரப்போகுது மாப்ளே?" என்றார். 1900 பிப்ரவரி 8-ல் கோவைப் பக்கம் ரிக்டர் கணக்கில் சுமார் 6 அளவுக்குப் பூகம்பம் வந்ததை எடுத்துச் சொன்னேன். 2002-ல் திருத்திய இந்தியத் தரநூலும் சேலத்தை மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. அதைக் காட்டிய பிறகுதான் சம்மதித்தார். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் தூண்களுக்கிடையே கான்கிரீட் சுவர்கள் எழுப்பி, அஸ்திவாரத்தோடு பிணைத்தோம். ஒரு கார் நிற்கும் இடம் போச்சு. என் மனப்பாரமும் போச்சு.

பெரிய கட்டிடங்களுக்கு வேறு வழிகள் உண்டு. பூஜ் நகரில் இடிந்த மருத்துவமனையைத் திரும்பக் கட்டியபோது அடியில் ரப்பர் தாங்கிகள் வைத்தார்கள். ரப்பரும் இரும்புத் தகடும் மாறி மாறி அடுக்கி, நடுவில் ஈயக் கட்டை. நிலம் வேகமாக ஆடினாலும் கட்டிடம் மெதுவாக ஆடும். ஈயம் நசுங்கி, அதிர்வின் சக்தியை வெப்பமாக்கிவிடும். நியூசிலாந்துக்காரர் பில் ராபின்சன் கண்டுபிடித்தது இது.

காற்று வேறு மாதிரி. உயரக் கட்டிடத்தைத் தாண்டும்போது இரு பக்கமும் மாறி மாறிச் சுழல் உண்டாகி, பக்கவாட்டில் இழுக்கும். 508 மீட்டர் உயரமுள்ள தைபே 101 கட்டிடத்தில் 660 டன் இரும்புக் குண்டு ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கட்டிடம் ஒரு பக்கம் போனால் குண்டு எதிர்ப்பக்கம் இழுக்கும். அடியிலுள்ள எண்ணெய் உருளைகள் அந்த ஆட்டத்தைத் தின்றுவிடும். 2015 சூறாவளியில் அந்தக் குண்டு 1 மீட்டர் வரை அசைந்தது.

நம்ம ஊர் வீட்டுக்கு ஈயமும் குண்டும் வேண்டாங்க. தூணின் வளையக் கம்பியை நெருக்கமாகக் கட்டுங்கள். அதன் முனையை 90 டிகிரியில் விடாமல், 135 டிகிரிக்கு உள்ளே மடக்குங்கள். 90 டிகிரி முனை குலுக்கலில் பிரிந்துவிடும், தூண் வெடித்துவிடும். இதற்கு ஆகும் செலவு ஒரு கை கம்பிதான்.

தம்பி தங்கைகளே, சைட்டுக்குப் போனால் முதலில் அந்தக் கொக்கியைப் பாருங்கள். கான்கிரீட் போட்ட பிறகு பார்க்க முடியாது.