கம்பெனி எழுதும் தலையெழுத்து

(ஐயம்பேட்டையில் நெசவாளர் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில் நாம் பேசியதன் சுருக்கம்)



நாம் இங்கு பேச எண்ணி வந்த விஷயம் வேறு. கூட்டத்துக்கு முன் இவ்வூரில் ஒரு வீட்டில் கண்ட காட்சி அதை மாற்றிவிட்டது. அவ்வீட்டில் இரண்டு தறி இருந்த இடத்தில் இப்போது ஒன்றுதான் இருக்கின்றது. மற்றதை விற்று மகனைப் படிக்க வைத்தார்கள். அவன் ஒரு பெரிய சாப்ட்வேர் கம்பெனியில் ஆறு வருஷம் உழைத்தான். போன மாதம் அவனைத் தனி அறைக்குக் கூப்பிட்டு, "உனக்குக் கடைசி ரேட்டிங் வந்திருக்கிறது, நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு" என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். தகப்பனார் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் ஓடினார். ஜோசியன் ஏழரைச் சனி என்றான். இப்போது திருநள்ளாறு போகக் கடன் தேடிக்கொண்டிருக்கின்றார்.

தோழர்களே! அப்பையனைக் கெடுத்தது வானத்துச் சனியல்ல. பின் எது என்பதைத்தான் சொல்லப் போகின்றோம்.

இப்படிப்பட்ட கம்பெனிகள் பலவற்றில் வருஷத்துக்கொருமுறை சிப்பந்திகளைத் தரம் பிரிக்கும் சடங்கு ஒன்று நடக்கின்றது. கோயில் மணியின் உருவத்தில் ஒரு கோடு போட்டு, இத்தனை பேர் மேல், இத்தனை பேர் நடு, இத்தனை பேர் கடை என்று கணக்கை முன்னதாகவே முடிவு செய்துகொள்ளுகிறார்கள். இதற்குப் பெல் கர்வ் என்று பெயர். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்கு 1981 முதல் 2001 வரை தலைவராயிருந்த ஜாக் வெல்ச் என்பவர், 100க்கு 20 பேர் மேல், 70 பேர் நடு, 10 பேர் கடை என்றும், கடை 10 பேரை வெளியேற்ற வேண்டும் என்றும் நடத்திக் காட்டினார். மற்றவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

இதன் யோக்கியதை என்ன? உங்கள் தொழிலிலேயே பார்ப்போம். பத்துத் தறிக்குப் பாவு கொடுக்கும் முதலாளி ஒருவர், "பத்துப் பேரும் எவ்வளவு நன்றாக நெய்தாலும் சரி, ஒரு புடவை மோசமென்று தள்ளியே தீருவேன்" என்றால் நீங்கள் விடுவீர்களா? "எந்தப் புடவை? எந்த இழை அறுந்திருக்கிறது? விரலை வைத்துக் காட்டு" என்று கேட்கமாட்டீர்களா? அந்த ஒரு கேள்வியைத்தான் அந்தப் பையன் கேட்கவில்லை. நெய்வதற்கு முன்பே ஒரு புடவையைத் தள்ளுபடி என்று எழுதி வைப்பதற்கும், பிறப்பதற்கு முன்பே ஒருவனைக் கீழ்ஜாதி என்று எழுதி வைத்ததற்கும் என்ன வித்தியாசம்? முன்னதை நிர்வாகம் என்கிறார்கள். பின்னதைத் தர்மம் என்றார்கள். அவ்வளவே!

இதனால் கம்பெனிக்காவது லாபமுண்டா? உலகப் பெருங் கம்பெனியாகிய மைக்ரோசாப்டைப் பற்றி 2012ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்காரர் விசாரித்தார். அவர் பேட்டி கண்ட சிப்பந்திகள் அத்தனை பேரும், கம்பெனிக்குள் மிகப் பெரிய நாசம் இந்தத் தரவரிசையே என்றார்கள். பக்கத்து நாற்காலிக்காரன் உயர்ந்தால் நாம் இறங்குவோம் என்றிருக்கும்போது எவன் எவனுக்கு உதவுவான்? 2013 நவம்பரில் அக்கம்பெனியே அம்முறையைக் கைவிட்டது. மனிதன் எழுதியதை மனிதனே அழிக்க முடிந்தது. பிரமன் எழுத்தாயிருந்தால் அழிந்திருக்குமா?

நிற்க. 8 மணி வேலை கேட்டுப் போராடியவர்களின் நினைவு நாளாகிய மே தினத்தை 1923ல் தோழர் சிங்காரவேலர் சென்னையில் கொண்டாடினார். சரியாக நூறு வருஷம் கழித்து, 2023ல், இன்போசிஸ் ஸ்தாபகர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, வாலிபர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டுமென்று உபதேசித்தார். கடைசித் தரம் வந்துவிடுமோ என்ற பயமிருந்தால் உபதேசமே வேண்டியதில்லை. பிள்ளைகள் தாமாகவே நடுராத்திரி வரையில் உட்கார்ந்திருப்பார்கள்.

"நாங்கள் படித்த உத்தியோகஸ்தர்கள், எங்களுக்குச் சங்கமெதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். 2015 ஜனவரியில் டி.சி.எஸ். கம்பெனியின் வேலை நீக்கத்தை எதிர்த்துக் கர்ப்பிணியான ஒரு பெண் சிப்பந்தி சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார். கோர்ட் இடைக்காலத் தடை கொடுத்தது. சாப்ட்வேர் கம்பெனிகளுக்கு 1947ம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்திலிருந்து விலக்கு இல்லை என்றும், அவர்கள் சங்கம் வைக்கலாம் என்றும் 2016ல் தமிழ்நாடு அரசாங்கமே தெரிவித்தது. அச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் புதிய சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. சட்டத்தின் பெயர் மாறிற்றேயொழிய சங்கம் சேரும் உரிமை போய்விடவில்லை.

ஆகவே, பெற்றோர்களே! பிள்ளை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தால் ஜாதகத்தைத் தேடாதீர்கள். "மிரட்டினார்கள் என்று ராஜினாமா எழுதாதே, குற்றம் எதுவென்று எழுத்தில் கேள், கூட இருப்பவனையும் சேர்த்துக்கொண்டு கேள்" என்று சொல்லி அனுப்புங்கள். திருநள்ளாற்றுக்குத் தேடும் கடனில் நாலில் ஒரு பங்கு கூட ஆகாது சங்கச் சந்தா. அந்தத் தகப்பனார் இக்கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றார். அவர் நாளைக் காலையில் எந்தப் பஸ் ஏறுவார் என்பதைப் பொறுத்துத்தான் நாம் இன்று பேசியது பயன்பட்டதா இல்லையா என்பது தெரியும் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.