முதலில் குளியலறையைப் பாருங்கள்

தேர்வு எழுத, நேர்காணலுக்குப் போக என்று சென்னைக்கு வருகிற இளைஞர்கள் பலர் திருவல்லிக்கேணி மேன்சன்களில் தங்குவார்கள். பெரும்பாலும் ஆண்கள் தங்கும் விடுதிகள் இவை. வாடகை குறைவு. மெரினா பக்கம். சாப்பாட்டுக் கடைகளும் நிறைய. ஆனால் பல மேன்சன்களில் காமன் பாத்ரூம்தான்.

பணம் கட்டும் முன் அறையைப் பார்க்கிறோம். மின்விசிறியைப் போட்டுப் பார்க்கிறோம். குளியலறையைப் பார்ப்பதில்லை. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குழாயைத் திறந்து பாருங்கள். தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பாருங்கள். தண்ணீர் எந்த நேரத்தில் வரும் என்று கேளுங்கள். தேர்வு நாள் காலையில் குழாய் காற்றை ஊதினால் என்ன செய்வீர்கள்?

காலை ஏழு மணிக்கு எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். கல்யாண வீட்டு விடியற்காலை மாதிரிதான், ஒவ்வொரு குளியலறைக் கதவும் மூடியிருக்கும். ஐந்தரைக்கே எழுந்துவிடுங்கள். நிதானமாகக் குளிக்கலாம். குளித்ததும் தரையில் தண்ணீர் ஊற்றிவிட்டு வாருங்கள், அடுத்து வருகிறவருக்காக.

இன்னொன்று. குளிக்கப் போகும்போது அறை திறந்தே கிடக்கக் கூடாது. ஹால் டிக்கெட், சான்றிதழ், ஃபோன் எல்லாம் உள்ளேதானே இருக்கின்றன? வீட்டிலிருந்தே ஒரு நல்ல பூட்டு கொண்டு போங்கள். சாவி உங்கள் கையிலேயே இருக்கட்டும். அறை எடுக்க அடையாள அட்டை கேட்பார்கள், அசலையும் மறக்காமல் எடுத்து வையுங்கள்.

முதலில் குளியலறை. பிறகுதான் முன்பணம்.