குஞ்ஞாலி மரக்கார்: கொச்சியை விட்டு வந்த குடும்பம்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

நம் பென்னாகரத்திலிருந்து கடல் வெகு தொலைவு. நாம் அறிந்த கலமெல்லாம் ஒகேனக்கல் பரிசலே. அவ்வாறிருக்க, ஒரு கடற்படைத் தலைவரின் குடும்ப வரலாற்றை இம்மன்றத்தில் பேச எடுத்துக்கொண்டது ஏன் என்று சிலர் வினவக்கூடும். பிழைப்பை நாடிப் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பெயர்ந்து சென்றோர் நம்மிடையே பலர். பெயர்ந்து சென்ற மண்ணில் ஒரு குடும்பம் எவ்வாறு வேரூன்றுகிறது, அவ்வேர் எத்தனை தலைமுறை தாங்குகிறது என்பதைக் காண மரக்கார் குடும்பத்தின் கதை பெரிதும் உதவும்.

மரக்கார் என்பது நம் மரக்காயர் என்னும் சொல்லின் மலையாள வடிவம். மரக்கலம் உடையோர் என்று பொருள் கூறுவாரும் உளர். கலத்தைக் குறிக்கும் 'மர்கப்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்பாரும் உளர். கொச்சியில் வாழ்ந்த இக்குடும்பத்தார் வாணிகர். மலபாரில் மிளகு மிகுதி, நெல் குறைவு. ஆகவே சோழமண்டலக் கரையிலிருந்து அரிசி ஏற்றி வந்து இறக்கி, மிளகை வாங்கிச் செல்வது அவர்தம் தொழில். 1498 மே மாதத்தில் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்த பின்னர், கொச்சி மன்னர் பரங்கியரோடு நட்புக் கொண்டார். 1503-இல் அங்கே அவர்களுடைய கோட்டையும் எழுந்தது. கொச்சி மரக்கார்கள் தொடக்கத்தில் அப்பரங்கியருக்கே சரக்கு விற்றவர்கள் என்பதையும் நாம் மறைக்காமல் கூற வேண்டும். மேடைகளில் இதனை யாரும் சொல்வதில்லை.

ஆயின் அந்த உறவு நீடிக்கவில்லை. கடலில் செல்லும் ஒவ்வொரு கலமும் தம்மிடம் 'கர்த்தாஸ்' என்னும் அனுமதிச் சீட்டுப் பெற்றே செல்ல வேண்டும் என்று பரங்கியர் கட்டளையிட்டனர். சீட்டில்லாத கலம் அவர்களுக்குக் கொள்ளைப் பொருள். 1502-இல் மக்காவிலிருந்து திரும்பிய ஹாஜிகளின் 'மீரி' என்னும் கப்பலை, பெண்டிரும் குழந்தைகளும் உள்ளிருக்க, காமா தீக்கிரையாக்கிய செய்தியை மலபாரில் அறியாதவர் இல்லை. பாட்டன் காலத்திலிருந்து சுங்கம் செலுத்தி ஓட்டிய கடலில் அந்நியனிடம் அனுமதி கேட்பதா, வாழும் ஊரையே விடுவதா என்னும் கேள்வி மரக்கார்கள் முன்னே நின்றது.

ஹிஜ்ரி 931, அதாவது 1524-ஐ ஒட்டிய காலத்தில், அவர்கள் கொச்சியை விட்டு, கோழிக்கோட்டு மன்னராகிய சாமூதிரியின் நாட்டிற்குப் பெயர்ந்தனர். கலங்களும் மாலுமிகளும் உற்றார் உறவினரும் உடன் வந்தனர். அதே 1524-ஆம் ஆண்டு டிசம்பரில் வாஸ்கோ ட காமா கொச்சியிலேயே மாண்டது தற்செயல்தான்.

சாமூதிரி ஓர் இந்து மன்னர். வந்தவர்களை அகதிகளாக நடத்தாமல் தம் கடற்படையை அவர்கள் கையில் ஒப்படைத்தார். 'குஞ்ஞாலி' என்னும் பட்டத்தையும் வழங்கினார். அன்புக்குரிய அலி என்பது அதன் பொருள். வீட்டில் பிள்ளையை அழைக்கும் செல்லப் பெயரையொத்த ஒன்று, பரம்பரைப் படைத்தலைவர்களின் விருதுப் பெயரானது. இப்பட்டத்தைத் தரித்தோர் நால்வர் என வரலாற்று நூல்கள் வகுக்கின்றன.

அவர்தம் போர்முறை வாணிகர் அறிவிலிருந்து பிறந்தது. பரங்கியரின் கப்பல்கள் பெரியன, பீரங்கி மிகுந்தன. ஆனால் காற்றில்லையேல் அசையா. மரக்கார்களின் படகுகளோ துடுப்பால் விரைவன. ஆற்று முகத்துவாரங்களில் மறைந்திருந்து, காற்றோய்ந்த வேளை பார்த்துப் பலவாக வந்து சூழ்ந்து, ஆழமற்ற நீருக்குள் திரும்பிவிடுவர். கரையின் ஒவ்வொரு கழியையும் சரக்கேற்றிப் பழகியவர்களுக்கே இது கைவரும்.

எப்போதும் வெற்றியே பெற்றனர் என்று நாம் கூறவில்லை. நம் தமிழகத்திலேயே அவர்கள் பெருந்தோல்வி கண்டனர். இலங்கையின் சீதாவாக்கை மன்னர் மாயாதுன்னைக்கு உதவும் பொருட்டுப் பட்டு மரக்காரும் குஞ்ஞாலியும் அலி இப்ராஹீமும் பெரும் படகுப்படையோடு வந்தபோது, 1538-இன் தொடக்கத்தில், இராமநாதபுரக் கரையில் மண்டபத்தை அடுத்த வேதாளையில் மார்த்தீம் அஃபோன்சோ டி சௌசாவின் படை அவர்களை முறியடித்தது. அதன் பின்னர் 1540-இல் சாமூதிரியே பரங்கியரோடு உடன்படிக்கை செய்துகொள்ள நேர்ந்தது. எனினும் குடும்பம் கலையவில்லை. 1571-இல் சாலியத்துப் பரங்கிக் கோட்டையைச் சாமூதிரியின் படை முற்றுகையிட்டு வீழ்த்தியபோது கடல் வழியை அடைத்து நின்றோர் மரக்கார்களே. அக்கோட்டை கட்டுவதற்காக இடிக்கப்பட்ட பள்ளிவாசலை மீண்டும் எழுப்ப, தகர்த்த கோட்டையின் கல்லும் மரமும் சாமூதிரியால் அளிக்கப்பட்டன. பொன்னானியில் வாழ்ந்த அறிஞர் ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் அரபியில் எழுதிய 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' இப்போராட்டங்களை 1583 வரை பதிவு செய்கிறது.

வெற்றிக்குப் பரிசாகப் புதுப்பட்டணத்தில் கோட்டை கட்டிக்கொள்ள மரக்கார்களுக்கு இசைவு கிடைத்தது. கெட்ட காலமும் அக்கோட்டையோடே வந்தது என்பது நம் கருத்து. 1595-இல் தலைமை ஏற்ற நான்காம் குஞ்ஞாலியாகிய முகம்மது அலி மரக்கார், தம்மை அரசரைப்போலவே கருதத் தலைப்பட்டார். சாமூதிரியின் யானையின் வாலை அறுத்து அவமதித்தார் என்றும் எழுதியுள்ளனர். அது மெய்யோ, பகைவர் கட்டிய கதையோ, மன்னர் உள்ளத்தில் ஐயம் விழுந்துவிட்டது. அவ்வையத்தை வளர்க்கப் பரங்கியர் காத்திருந்தனர். 1597-இல் சாமூதிரிக்கும் அவர்களுக்கும் உடன்பாடு ஏற்பட்டது. எந்தப் பகைவனுக்கு எதிராக இக்குடும்பத்தை வரவேற்றாரோ, அப்பகைவனோடு சேர்ந்து அவ்வரசு இக்குடும்பத்தின் மேல் படையெடுத்தது.

1599-இல் நிலத்தில் சாமூதிரியும் கடலில் லூயிஸ் ட காமாவும் சேர்ந்து தாக்கியும் கோட்டை விழவில்லை. இந்த லூயிஸ், வாஸ்கோ ட காமாவின் கொள்ளுப் பேரன். மீண்டும் அந்திரே ஃபுர்த்தாடோ தலைமையில் முற்றுகை நெருங்கியது. உள்ளே உணவு தீர்ந்தது. 1600 மார்ச்சில், உயிருக்கு ஊறு நேராது என்னும் மன்னர் வாக்கை நம்பிக் குஞ்ஞாலி வெளியே வந்தார். தலையில் கறுப்புத் துணி. வாளின் முனை கீழ்நோக்கி. அவ்வாளைச் சாமூதிரியின் கையில் அளித்தார். அக்கணமே ஃபுர்த்தாடோ அவரைப் பற்றி இழுத்துக்கொண்டார். அதனைக் கண்டு பொறாது முதலில் கொந்தளித்தவர்கள் சாமூதிரியின் நாயர் வீரர்களே! தம் மன்னர் கொடுத்த வாக்கு தம் கண்ணெதிரே முறிவதை அவர்களால் தாங்க இயலவில்லை. இந்நிகழ்ச்சியை இரு சமயத்தார் சண்டையாகச் சுருக்கிப் பேசுவோர் இந்த நாயர்களை மறந்துவிடுகின்றனர்.

கோவாவிற்குக் கொண்டு செல்லப்பட்ட குஞ்ஞாலியின் தலை துண்டிக்கப்பட்டது. அத்தலை உப்பிடப்பெற்றுக் கண்ணூரில் காட்சிக்கு வைக்கப்பட்டது. கோட்டையும் தரைமட்டமாயிற்று. கொச்சியை விட்டு வந்த முக்கால் நூற்றாண்டில் இக்குடும்பத்தின் கடலாட்சி முடிந்தது. சாமூதிரியும் தம் கடற்கையைத் தாமே வெட்டிக்கொண்டார். அதன் பின் அத்தகைய படை அவருக்கு வாய்க்கவில்லை.

மும்பையிலுள்ள இந்தியக் கடற்படைத் தளம் ஒன்று ஐ.என்.எஸ். குஞ்ஞாலி என்னும் பெயர் தாங்கியுள்ளது. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய அஞ்சல் துறை குஞ்ஞாலி மரக்காருக்குத் தபால்தலை வெளியிட்டது. கோழிக்கோடு மாவட்டத்தில் வடகரைக்குத் தெற்கே, ஆறு கடலில் கலக்குமிடத்தருகே, இரிங்ஙல் கோட்டைக்கல்லில் அவர்தம் வீடு சிறு அருங்காட்சியகமாகப் பேணப்படுகிறது. அருகே பள்ளிவாசலும் உண்டு. கோழிக்கோடு செல்லும் நம் இளைஞர்கள் அரைநாள் ஒதுக்கி அங்கும் சென்று வரலாம்.