சுருங்கச் சொல்லலும் குன்றக் கூறலும்: நிழற்படத்தில் முரணும் அருகமைவும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகக் கவிதையையே பெரிதும் பேசிவந்த இவ்வவையில், நிழற்படக் கலையைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். அதிலும் மிகக் குறைந்த பொருள்களைக் கொண்டு அமையும் நிழற்படத்தைப் பற்றி. கவிதைக்கு இது அயலான பொருள் அன்று. சில சொற்களில் ஓர் உலகைக் காட்ட முயல்வோர் அனைவர்க்கும் உரிய இடர்ப்பாடு ஒன்று இக்கலையில் இருக்கிறது. அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

ஒரே பொருளுக்குத் தமிழில் நிழற்படம் என்றும் பெயர் வழங்குகிறது. ஒளிப்படம் என்றும் பெயர் வழங்குகிறது. ஒன்றுக்கொன்று எதிரான இரு சொற்கள் ஒரே தாளைக் குறிக்கின்றன. இரண்டுமே பொருந்தும். ஒளி மட்டும் இருந்தால் தாள் வெறும் வெள்ளை. நிழல் மட்டும் இருந்தால் வெறும் கருமை. இரண்டும் முரணும் இடத்தில்தான் உருவம் பிறக்கிறது. ஆகவே முரண் என்பது நிழற்படத்திற்குப் பின்னர் சேர்க்கும் அணி அன்று. அதன் பிறப்பிலேயே உள்ள பண்பு.

மினிமலிசம் என்னும் சொல் 1960களில் அமெரிக்க ஓவிய, சிற்பக் கலைகளைப் பற்றிய விவாதங்களில் பரவியது. தேவையற்ற அனைத்தையும் நீக்கி, எஞ்சிய ஒன்றிரண்டை வெற்றிடத்தில் நிறுத்துவது அதன் நெறி. நம் நன்னூலார் நூலுக்குரிய பத்து அழகுகளை எண்ணும்போது முதலாவதாக வைத்தது சுருங்கச் சொல்லல். இரண்டாவதாக வைத்தது விளங்க வைத்தல். அவரே பத்துக் குற்றங்களை எண்ணும்போது முதலாவதாக வைத்தது குன்றக் கூறல். குறைவாகச் சொல்வது அழகுகளிலும் முதலில் நிற்கிறது. குற்றங்களிலும் முதலில் நிற்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள எல்லை எது? குறைந்த பொருள்களைக் கொண்ட ஒரு நிழற்படத்தை மதிப்பிட இதைவிடச் சிறந்த கேள்வி எனக்குத் தெரியவில்லை.

முதலில் முரணை எடுத்துக்கொள்வோம். தொல்காப்பியர் முரண்தொடையைச் சொல்லளவில் அமைவது, பொருளளவில் அமைவது என இரு வகையாகக் கொண்டார். நிழற்படத்திலும் இவ்விரு வகை உண்டு. தாளின் மேற்பரப்பில் நிகழும் முரண் ஒன்று: வெளிச்சமும் இருளும், பெரியதும் சிறியதும், வழவழப்பும் சொரசொரப்பும். பொருளில் நிகழும் முரண் மற்றொன்று: பயிரும் தரிசும், இருந்தவரும் இல்லாதவரும்.

மேற்பரப்பு முரணை உண்டாக்குவதற்குத் தொழிலறிவு வேண்டும். ஆற்றுக்குத் தெற்கே உள்ள குதிரைமொழித் தேரியைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பதாகக் கொள்வோம். கண்ணுக்குச் செம்மணலும் பச்சைப் பனையோலையும் முற்றிலும் வேறு. படத்திலோ இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிடக்கூடும். கண்ணாடிவில்லையின்மேல் சிவப்பு வடிகட்டியைப் பொருத்தினால் செம்மணல் வெளுக்கும். நீல வானம் கறுக்கும். பனை கருங்கோடாக எழுந்து நிற்கும். ஆறுமுகநேரி உப்பளத்தில் வேறொரு சிக்கல். கேமராவின் ஒளிமானி காண்பதையெல்லாம் நடுச்சாம்பலாக எண்ணி அளப்பது. அதை அப்படியே நம்பினால் உப்புக் குவியல் சாம்பற்குவியலாகிவிடும். அது காட்டும் அளவைவிட ஒன்று அல்லது இரண்டு படி கூடுதலாக ஒளியை விட்டால்தான் உப்பு உப்பாக இருக்கும். உள்ளது உள்ளபடி தானே வந்துவிழும் என்று நிழற்படத்தைப் பற்றிச் சொல்வது பிழை. வெண்மையும் தேர்ந்து செய்யப்படுவதுதான்.

ஆனால் மேற்பரப்பு முரண் மட்டும் போதுமா? வெள்ளைச் சுவரில் ஒரு கரிய நிழல், நீலவானில் ஒரு சிவப்புக் குடை என இன்று ஆயிரக்கணக்கான படங்கள் வருகின்றன. பார்த்தவுடன் இனிமை, திரும்பியவுடன் மறதி. செய்யுளின் உறுப்புகளாக 34 எண்ணிய தொல்காப்பியர் அவற்றுள் ஒன்றுக்கு நோக்கு என்று பெயரிட்டார். கேட்டவன் கடந்துபோகாமல் மறுபடியும் திரும்பிப் பார்க்கச் செய்வது அது என்று உரைகாரர் விளக்குவர். மேற்பரப்பு முரண் முதல் பார்வையைப் பெற்றுத்தரும். மறுபார்வையைப் பெற்றுத்தருவது பொருள்முரண். அது பிறக்கும் வழியே அருகமைவு, அதாவது இரண்டை அடுத்தடுத்து வைத்தல்.

இரண்டு பொருள்களை அடுத்தடுத்து வைத்தால் இரண்டிலும் இல்லாத மூன்றாவது பொருள் ஒன்று தோன்றும் என்பதை ரஷ்யத் திரைப்படக் கலைஞர் ஐசன்ஸ்டைன் 1929இல், சீன, ஜப்பானியச் சித்திர எழுத்துகளைச் சான்றாகக் காட்டி எழுதினார். நமக்கு இது புதிதன்று. நான்கு முதல் எட்டு அடிகளுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும் குறுந்தொகைப் பாடலில், ஒரு பறவையோ மீனோ தலைவியின் துயரத்திற்கு அருகே வைக்கப்படுகிறது. ‘போல’ என்னும் உருபு பெரும்பாலும் வருவதில்லை. கருப்பொருளின் வழியே குறிப்பாகத் தோன்றும் பொருளை உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் இலக்கணம் பிரித்துப் பேசியது. வைக்கப்பட்ட இரண்டும் தத்தம் உரிமையோடு நிற்கின்றன, இணைப்பவர் படிப்பவர்.

ஆதிச்சநல்லூரை நினைத்துப் பாருங்கள். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்த அந்த மேட்டுநிலம் சரளைக்கல் பரம்பு, உழவுக்கு ஆகாதது. அதை அடுத்து ஆற்றுப் பாசனத்தின் நெல்வயல். விளையும் நிலத்தை உயிரோடிருப்பவர்க்கு விட்டு, விளையாத நிலத்தில் தாழிகளைப் புதைத்திருக்கிறார்கள். இவ்விடத்தைக் கீழே பழுப்பு, மேலே பச்சை என இரு பட்டைகளாக ஒருவர் படமெடுக்கலாம். பார்வைக்கு அழகாகவே இருக்கும். ஆயினும் அது குன்றக் கூறல். அப்பழுப்பு எந்தத் தரிசாகவும் இருந்துவிடலாம். அந்தப் பழுப்பின் ஓரத்தில் ஒரு தாழியின் உடைந்த விளிம்பு மட்டும் தெரியட்டும். சேர்த்தது ஓர் ஓட்டுத்துண்டு. ஆனால் இரு பட்டைகளும் வாழ்வும் சாவுமாக மாறிவிடுகின்றன. இதுவே சுருங்கச் சொல்லல். விலக்கப்பட்டது மீண்டுவர ஒரு வழியைப் படத்துக்குள் விட்டுவைப்பதில் இருக்கிறது வேறுபாடு.

இந்தியாவில் இந்நெறியில் மிக உயர்ந்த இடத்தைத் தொட்டவராக நஸ்ரின் முகமதியை நான் கருதுகிறேன். 1937இல் கராச்சியில் பிறந்து, பரோடாவின் நுண்கலைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, 1990இல் மறைந்தவர். கோடுகளாலான ஓவியங்களுக்காகப் பெயர்பெற்ற அவர் பல்லாண்டுகள் நிழற்படங்களும் எடுத்துவந்தார்; வாழ்ந்த காலத்தில் அவற்றைக் காட்சிக்கு வைக்கவில்லை. கடற்கரை மணல், சாலையில் இட்ட கோடு, ஃபதேபூர் சிக்ரியின் கல்தளம், தறியில் நீண்ட பாவுநூல் ஆகியவையே பொருள்கள். தலைப்பும் இடுவதில்லை, நாளும் குறிப்பதில்லை. 2016இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடம் தன் புதிய கிளையைத் திறந்தபோது வைத்த தொடக்கக் கண்காட்சிகளுள் ஒன்று அவருடையது.

அவருடைய தறிநூல் படங்களைக் காணும் திருநெல்வேலிக்காரருக்குப் பத்தமடைப் பாய் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆற்றங்கரைக் கோரையை ஊறவைத்து, நுண்ணியதாகக் கிழித்து, பருத்திப் பாவில் ஊடாகக் கொடுத்து நெய்யும் அப்பாயில், கிடையும் நெடுக்குமாக இரு திசைகள் மட்டுமே உள்ளன. அவை முரணுகின்றன, அதனாலேயே பாய் நிற்கிறது. அங்கே தலைப்பு தேவையில்லை. கோடு தன்னைத் தவிர வேறெதையும் மறைக்கவில்லை.

ஜப்பானிய நிழற்படக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ 1980 முதல் உலகின் பல கடல்களை ஒரே முறையில் எடுத்துவருகிறார். தொடுவானம் தாளைச் சரிபாதியாகப் பிரிக்கும், மேலே காற்று, கீழே நீர், கப்பலில்லை, பறவையில்லை. ஆனால் அவர் ஒவ்வொரு படத்திற்கும் கீழே அக்கடலின் பெயரை எழுதுகிறார். ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு படங்களை அந்தப் பெயரே இரண்டு உலகங்களாக்குகிறது. வெறுமைக்கு அருகே ஒரு சொல்: இதுவும் அருகமைவே.

நம் ஆற்றுக்கு வருகிறேன். பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலைச் சேரும்வரை, ஏறத்தாழ 130 கிலோமீட்டருக்குள், மலையும் காடும் வயலும் கடலும் வந்துவிடுகின்றன. சுருங்கிய நிழற்படத்திற்கு இதைவிட வாய்ப்பான ஆறு அரிது. 1843இல் சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளில் கட்டிய பாலத்தின்மேல், விடியற்காலையில் நின்று கீழே பார்த்தால், பனிமூட்டமும் ஒரு நீர்க்கோடும் ஒரு வெண்கொக்கும் தெரியும். படமெடுப்பவருக்கு அங்கே செய்யவேண்டிய வேலை அதிகமில்லை.

அந்தப் பாலத்தின் அருகே, கொக்கிரகுளம் பகுதியில், 1999 ஜூலை 23ஆம் நாள், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கி வந்த ஊர்வலத்தில் காவல்துறை தடியடி நடத்தியது. ஆற்றுக்குள் ஓடியவர்களுள் 17 பேர், ஒரு கைக்குழந்தை உட்பட, உயிரிழந்தனர். ஆர்.ஆர்.சீனிவாசன் ‘நதியின் மரணம்’ என்னும் ஆவணப்படத்தில் அதைப் பதிவுசெய்தார். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தபோது, ஆறு கரைகடந்து வீடுகளுக்குள் புகுந்தது. ஆற்றின் நடுவே நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது. இவற்றையெல்லாம் அறிந்தபின், பனியும் கொக்கும் மட்டும் உள்ள அப்படம் சுருங்கச் சொல்லலா, குன்றக் கூறலா?

அப்படத்தையே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. கொக்கும் உண்மை, பனியும் உண்மை. ஆயினும் விலக்குதல் வேறு, மறைத்தல் வேறு. இவ்வூரின் வட்டத்தொட்டியிலிருந்து ரசிகமணி டி.கே.சி. கம்பரை நமக்குக் காட்டினார். பல பாடல்களைக் கம்பருடையவை அல்ல என்று கருதி விலக்கினார். புலவர்கள் அவரோடு வழக்கிட்டார்கள். வழக்கிட முடிந்ததற்குக் காரணம், அவர் விலக்கிய பாடல்கள் வேறு பதிப்புகளில் இருந்தமை. நிழற்படம் எடுப்பவர் சட்டத்திற்கு வெளியே விட்டதைத் தேடி எடுக்க வேறு பதிப்பு இல்லை. அதனால் அவருடைய பொறுப்பு பதிப்பாசிரியருடையதைவிடக் கூடுதலானது.

அப்பொறுப்பை நிறைவேற்ற, வெறுமையை நிரப்ப வேண்டியதில்லை. அதே நீர்ப்பரப்பை, கொக்குகூட இல்லாமல், எடுங்கள். கீழே ‘1999 ஜூலை 23’ என்று மட்டும் எழுதுங்கள். வேறு சொல் வேண்டாம். அமைதியான நீரும் ஒரு நாட்குறிப்பும் அடுத்தடுத்து நிற்கும்போது, பார்ப்பவர் மறுபடியும் நீரைப் பார்ப்பார். தொல்காப்பியர் சொன்ன நோக்கு அங்கே நிகழும். தறிநூலுக்கு நாள் தேவைப்படவில்லை; ஆற்றுக்குத் தேவைப்படுகிறது. எது நாளின்றி நிற்கும், எது நில்லாது என்று தெரிந்துகொள்வதே இக்கலையின் பயிற்சி.

கவிஞர்களாகிய உங்களிடம் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்று குறுங்கவிதையும் நிழற்படமும் ஒரே பக்கத்தில் அச்சாகின்றன. பெரும்பாலும் படத்தில் பனை இருந்தால் கவிதையிலும் பனை இருக்கிறது. படத்தில் தனிமை தெரிந்தால் கவிதை தனிமை என்று எழுதிவிடுகிறது. அது அருகமைவு அன்று, கூறியது கூறல். அதுவும் நன்னூலார் எண்ணிய பத்துக் குற்றங்களுள் ஒன்றே. படம் சொல்லாததைக் கவிதை சொல்லட்டும். கவிதை விட்டதைப் படம் வைத்திருக்கட்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள வெள்ளைத் தாள் படிப்பவருக்கு உரியது. அதில் நாம் கைவைக்க வேண்டாம்.

வட்டத்தின் அடுத்த பத்தாண்டுகளில், இவ்வாற்றின் படங்களும் இவ்வாற்றின் கவிதைகளும் அருகருகே நின்று ஒன்றையொன்று கேள்வி கேட்கும் ஒரு தொகுப்பு வெளிவர வேண்டும் என்பது என் விருப்பம். அதில் வெற்றிடம் நிறைய இருக்கட்டும். அந்த வெற்றிடத்தில் இருந்தவர்கள் யாவர் என்பதும் தெரியட்டும்.