சுரமும் துணையும்



ஒரு பாடலுக்குப் புதுமை மெட்டால் மட்டும் வருவதன்று. மெட்டின் அடியில் ஒலிக்கும் சுரக்கூட்டாலும் வருவது. இசைக்குழுவினர் 'கார்டு' என்பது இதனையே. மூன்று சுரங்கள் ஒருசேர ஒலிப்பது அதன் எளிய வடிவம்.

சங்கராபரணச் சுரங்களில் பாடுபவர் 'ச'வில் நிற்கிறார் எனக் கொள்வோம். அடியில் ச-க-ப ஒலித்தால் வீடு சேர்ந்த அமைதி. ம-த-ச ஒலித்தால் வாசலில் காத்திருக்கும் ஏக்கம். த-ச-க ஒலித்தால் மெல்லிய துயர். பாடிய சுரம் மாறவில்லை. துணை மாறியது, பொருளும் மாறியது. புதிய கூட்டு வரிசை தேடுவோர்க்கு வழியும் இதுவே: மெட்டின் சுரத்தை விடாமல், அது இடம்பெறும் பிற கூட்டுகளை ஒவ்வொன்றாக அடியில் இட்டுக் கேட்டல்.

1976-இல் 'அன்னக்கிளி' வழியே அறிமுகமான இளையராஜா, நாட்டுப்புற மெட்டுக்கு மேலைக் கூட்டுகளைத் துணையாக்கினார். பழகிய மெட்டும் புதிதாய் ஒலித்தது.

சிலப்பதிகார உரை மரபு நரம்புகளின் உறவை இணை, கிளை, நட்பு, பகை எனப் பகுக்கும். நின்ற நரம்புக்கு மூன்றாவது பகை. மேலைக் கூட்டோ அந்த மூன்றாவதை நடுவில் அமர்த்தி இனிமை காண்கிறது. ஒதுக்கியது உறவாயிற்று.

ஒகேனக்கலில் விழும் நீர் ஒன்றே. பாறைக்குப் பாறை ஒலி வேறு. பழஞ்சொல் தேய்ந்ததென்று எறியுமுன், கவிஞர்களே, அதன் அருகிருக்கும் சொல்லை மாற்றிப் பாருங்கள்.